யாவும் இறையே என்னுங் கொள்கை

இறைவன் உளன் என்பார்க்கும் இலன் என்பார்க்கும் இடையே, உள்ளன யாவும் இறையே என்பார் ஒருசாரார் உளர். மேனாட்டில் இக்கொள்கைக்குத் தலைவராக எண்ணப்படுபவர், 1632-இல் ஆம்ஸ்டர்டாம் நகரிற் பிறந்த ஸ்பினோசா என்பார். 1656-இல் அந்நகர யூதர் அவரைத் தங் கூட்டத்தினின்றும் விலக்கினர். அறவியல் பற்றிய அவரது தலைமை நூல், அவர் மறைந்த 1677-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பின்வந்தோருள் பேல் என்பார் தமது 1697-ஆம் ஆண்டு அகராதியில் அவரை நாத்திகர் என்றார்; நோவாலிஸ் என்னுங் கவிஞரோ அவரைக் கடவுட்பித்தர் என்றார். இவ்விரண்டும் ஒருவர்மாட்டு ஒருங்கே பொருந்துமோ என்பது ஆராயற்பாலது.

அவர்தங் கொள்கை வருமாறு: உள்பொருள் ஒன்றே, அது வரம்பிலாதது, தனக்குத் தானே காரணமாயது. அதன் எண்ணிறந்த பண்புகளுள் மாந்தர் அறிவன நினைவும் பரப்பும் ஆகிய இரண்டே. உயிர்களும் உலகும் அதன் விகாரங்கள். அது பயன்கருதித் தொழில் செய்வதன்று. யாவும் அதன் இயல்பினின்றும் நியதியாய் நிகழ்வன.

முழுமுதல் ஒன்றுண்டெனக் கொண்டமையின் அவரை நாத்திகர் என்றல் அடாது. நாத்திகர் உலகை நிறுத்தி இறையை மறுப்பர். ஸ்பினோசாவோ இறையை நிறுத்தி உலகின் தனிநிலையை மறுத்தார். ஹெகலும் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார்.

ஆயினும், இறைவனை அன்பு செய்வான், இறைவன் தன்னை அன்பு செய்தலை விழையலாகாது என்பது ஸ்பினோசாவின் துணிபு. உயிரின் அறிவன்பு, இறை தன்னைத்தானே நேசிக்கும் அன்பின் கூறே என அவர் கூறினும், ஆண்டு அருள்வோனும் அருள்பெறுவோனும் வேறாக இலர்.

மேலும், அவர் நூலின் இறுதி இரு பகுதிகள் மாந்தரின் கட்டினையும் விடுதலையினையும் விரிப்பன. கட்டுண்டது யாது? யாவும் இறையெனின் அறியாமையும் இறையின் விகாரமேயாம். அறியாமை வரம்புடைய உயிர்க்கன்றி முழுமுதற்கு இல்லையெனின், குறையுடையதும் குறைவிலாததும் ஒருபொருளாதல் யாங்ஙனம்?

சித்தாந்தம் இவ்விடர்ப்பாட்டினைக் களையும். பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. அறியாமை ஆணவமலத்தான் பசுவுக்கு உளதாவது, பதியைச் சாராது. இறைவன் கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராதலால் உடனாயும் நிற்பன் எனச் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தின்கண் ஆசிரியர் விளக்குவர். யாண்டும் இறையைக் கண்ட ஸ்பினோசாவின் காட்சி, இவற்றுள் ஒன்றாதல் என்னும் ஒன்றனையே பற்றி ஏனையவற்றை விட்டது.

ஆதலின் அக்கொள்கை நாத்திகமும் அன்று, நிறைந்த ஆத்திகமும் அன்று. அஃது இறையுண்மையை உடன்பட்டு, அருளுண்மையை உடன்படாது நின்றது. துன்புற்ற உயிர் கூவியழைக்குங்கால், கேட்டு அருளுவான் ஒருவன் உளனென்னும் உறுதியே சமயத்தின் உயிராதலின், அதனை ஒழித்த கொள்கை அறிவார்க்கு வியப்பாவதன்றி, அழுந்துவார்க்குப் பற்றுக்கோடாகாது என்க.