அஞ்சியவனும் இரங்கியவனும்

கல்விக்கூடத்தின் கதவை அடைத்து வைப்பது கொடுமை என்பதை ஒப்பாதார் இன்று எவருமிலர். அடைத்த கதவைத் திறந்துவிட்டால் போதும், அறிவு தானே உள்ளே புகும், அல்லல் தானே வெளியேறும் என்று எண்ணுவோரும் மிகப் பலர். அந்த எண்ணம் முற்றும் சரியா? கதவு திறந்த பின்னரும் பூட்டிக் கிடப்பது ஒன்று உண்டா? உண்டெனில் அது எங்கே இருக்கிறது? மாணவன் மூளையிலா, ஆசிரியர் மனத்திலா?

இந்தக் கேள்வியோடு நான்கு நூல்களைப் படித்தோம். நான்கும் கறுப்பினப் பிள்ளைகளின் கல்வி பற்றிப் பேசுபவை. முதல் நூல் 1845-இல் வெளிவந்தது. கடைசி நூல் 1981-இல். இரண்டு நூல்களில் அமெரிக்கா பேசுகிறது, இரண்டில் இங்கிலாந்து. காலம் வேறு, களம் வேறு. கண்ட உண்மையோ ஒன்றே.

முதல் நூல், பிரெடரிக் டக்ளஸ் தம் வாழ்வைத் தாமே எழுதியது. அடிமையாய்ப் பிறந்தவர் அவர். சிறுவனாக இருந்தபோது பால்டிமோர் நகரில் ஹியூ ஆல்டு என்பவன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி சோபியா அவருக்கு எழுத்துக்களைக் கற்பித்தாள். மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சொற்களைக் கூட்டவும் பழக்கினாள். கணவன் கண்டான், கடிந்தான், தடுத்தான். படிப்பு ஏறினால் அடிமை அடிமையாக இருக்க மாட்டான், பிறகு அவனைக் கட்டி வைக்க எவராலும் ஆகாது என்பதே அவன் சொன்ன காரணம். அருகில் நின்ற சிறுவன் அதைக் கேட்டான். விடுதலைக்கு வழி எது என்பது அந்த நொடியே தமக்கு விளங்கிவிட்டதாக டக்ளஸ் எழுதுகிறார். பின்னர் தெருவில் வெள்ளைச் சிறுவர்க்கு ரொட்டித் துண்டு கொடுத்து எழுத்துக் கற்றார். கப்பல் கட்டும் துறையில் மரத்துண்டுகளின் மேல் தச்சர் பொறித்த எழுத்துக்களைப் பார்த்து எழுதப் பழகினார்.

இப்பகுதியைப் படிப்போர் ஆண்டையின் கொடுமை கண்டு கொதிப்பர். கொதிப்பது முறையே. ஆனால் கொதிப்பு அடங்கிய பின் ஒன்றை எண்ணிப் பார்த்திட வேண்டுகிறோம். அவன் ஏன் தடுத்தான்? இச்சிறுவனுக்குப் படிப்பு வராது என்று கருதியா? இல்லை, இல்லை! வரும் என்று அறிந்ததால்! வற்றிய ஏரிக்கு எவரும் கரையை உயர்த்துவதில்லை. வெள்ளம் வரும் என்று அஞ்சுகிறவனே மண்வெட்டி எடுக்கிறான். ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்ட துரோணரின் கதையும் அதுதானே? திறமில்லாதவன் விரல் எவனுக்கு வேண்டும்? தடுத்தவன் பகைவன்; ஐயமில்லை. ஆனால் அந்தப் பகைவன், அடிமைச் சிறுவனின் அறிவை நம்பினான். நம்பியதால் அஞ்சினான்.

இதை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு இரண்டாவது நூலுக்கு வருவோம். அது மால்கம் எக்ஸ் சொல்ல, அலெக்ஸ் ஹேலி எழுதிய வாழ்க்கை வரலாறு. 1965 பிப்ரவரி 21-ஆம் நாள் மால்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டிலேயே நூல் வெளிவந்தது. மிச்சிகன் மாநிலத்தில் மேசன் என்னும் ஊர்; வெள்ளைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி. ஏழாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகளே மால்கமை வகுப்புத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தனர். மதிப்பெண்ணில் முன்வரிசை. கதவு திறந்திருந்தது, இருக்கையும் கிடைத்திருந்தது. வேறென்ன குறை?

குறை இருந்தது. வரலாற்றுப் பாடநூலில் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிய இடம் ஒரே ஒரு பத்தி. அதையும் ஆசிரியர் சிரித்துக்கொண்டே ஒரே மூச்சில் படித்து முடித்தாராம். அதைக்கூடச் சிறுமை என்று ஒதுக்கிவிடலாம். அடுத்த ஆண்டு நடந்ததோ ஒதுக்கத்தக்கதன்று. ஆங்கில ஆசிரியர் ஒருவர், மால்கமிடம் அன்புடையவர், நல்ல மதிப்பெண் வழங்கியவர். என்ன தொழில் செய்ய எண்ணம் என்று அவர் கேட்டார். வழக்கறிஞராக விருப்பம் என்றான் சிறுவன். ஆசிரியர் முறுவலித்தார். நடக்கக்கூடியதை எண்ண வேண்டும், உன் இனத்துக்கு அது ஏற்ற குறிக்கோளன்று, கைவேலையில் நீ வல்லவனாயிற்றே, தச்சுத் தொழில் கற்கலாமே என்று அறிவுரை கூறினார். இனத்தைக் குறிக்க அவர் ஆண்ட சொல் இழிசொல்; அதை இங்கே எழுத நாம் விரும்பவில்லை. மால்கமைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்ற வெள்ளைப் பிள்ளைகளுக்கோ, அவர்கள் விரும்பிய தொழிலையே நாடுமாறு ஊக்கம் தந்தார்!

தச்சுத் தொழில் இழிவா? அல்ல. உளி பிடிக்கும் கை உயர்ந்த கை. ஆனால் எந்தக் கையில் உளி, எந்தக் கையில் ஏடு என்பதைத் தோலின் நிறம் பார்த்துப் பிறர் முடிவு செய்வது இழிவு.

மால்கமின் நூலில் நாம் வியக்கும் சிறப்பு ஒன்று உண்டு. அவர் அந்த ஆசிரியரைக் கொடியவராகத் தீட்டவில்லை. நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார் என்றே குறிக்கிறார். சினத்துக்குப் பெயர்போன ஒருவர் இந்த இடத்தில் காட்டும் நடுவுநிலையே அப்பகுதிக்கு வலிமை தருகிறது. ஆசிரியர் கொடியவராயின் வெறுத்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்போம். நல்லவராயிருப்பதால்தான் நின்று நடுங்குகிறோம். அன்புடையவர், அறிவுடையவர், அருகில் அமர்ந்து பேசுகிறவர் — அவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்தது. ஆண்டை அஞ்சினான், ஆசிரியர் இரங்கினார். அஞ்சியவன் டக்ளசுக்கு வழியைக் காட்டிக்கொடுத்தான். இரங்கியவர் மால்கமுக்கு வழியை மறைத்தார்.

இந்நூலைப் போற்றுவோர் பலரும் பாஸ்டன் தெருக்களையும் சிறை வாழ்வையும் மேடை முழக்கங்களையும் பற்றியே பேசுகின்றனர். மேசன் வகுப்பறையை விரைந்து கடந்துவிடுகின்றனர். தந்தையின் சாவும் தாயின் மனநோயும் வறுமையும் அச்சிறுவனைத் தாக்கியிருந்தன. எல்லாத் துயருக்கும் ஓர் ஆசிரியர் சொல்லே காரணம் என்று நாம் கூறமாட்டோம். எனினும் அன்று முதல் தம் உள்ளம் மாறத் தொடங்கியதாக மால்கமே சொல்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. பின்னாளில் அதே மனிதர் சிறைக்கூடத்தில் அகராதியை எடுத்துச் சொல் சொல்லாகப் படியெடுத்துப் பயின்றார். பள்ளி இழந்த மாணவனைச் சிறை பெற்றது! இதைவிடப் பள்ளிக்கு வெட்கம் வேறென்ன வேண்டும்?

ஆசிரியருக்காக வாதாடுவோரும் இருக்கக்கூடும். அவர் உலகம் இருந்த நிலையைத்தானே சொன்னார், பொய்யா சொன்னார் என்பர். ஆம், பொய்தான், அறியாமல் சொன்ன பொய். 1940-ஐ ஒட்டிய காலம் அது. அப்போதே அமெரிக்காவில் கறுப்பின வழக்கறிஞர்கள் இருந்தனர். டக்ளஸ் எழுத்துக் கற்ற அதே பால்டிமோரில் பிறந்த துர்குட் மார்ஷல் 1933-இல் சட்டப் பட்டம் பெற்றவர். கறுப்பின மாணவர் ஒருவருக்காக வழக்காடி, மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கதவை 1935-இல் திறக்கச் செய்தவர். பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரித்தல் சட்டத்துக்கு முரண் என்று 1954-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புக்காக வாதாடியவரும் அவரே. 1967-இல் அதே மன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தார். நடக்காது என்று மேசன் ஆசிரியர் சொன்னது, அவர் சொல்லும்போதே நடந்துகொண்டிருந்தது! உலகியல் அறிவு என்று அவர் எண்ணியது உலகறியாமையே.

1954 தீர்ப்புக்குப் பின் நடந்ததும் கவனிக்கத்தக்கது. பள்ளிகள் இணைந்தன, ஆனால் தென்மாநிலங்களில் கறுப்பின ஆசிரியர்கள் பெருந்தொகையில் வேலையிழந்தனர். 1965-க்குள் 17 மாநிலங்களில் 38,000 பேருக்கு மேல் என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. இடிந்த கட்டடத்தில், கிழிந்த நூலை வைத்துக்கொண்டு, உன்னால் முடியும் என்று பிள்ளைகளிடம் சொல்லி வந்தவர்கள் அவர்கள். பிள்ளைக்குப் புதிய கட்டடம் கிடைத்தது. நம்பிய கண்கள் போயின.

அமெரிக்காவில் ஒருவர் வாயில் அறிவுரையாக வந்தது, இங்கிலாந்தில் அலுவலகச் சான்றிதழாகவே வந்தது. மூன்றாவது நூல் அதைக் காட்டுகிறது. கிரெனடா தீவில் பிறந்து இலண்டனில் ஆசிரியராயிருந்த பெர்னார்டு கோர்டு 1971-இல் வெளியிட்ட சிறுநூல் அது. கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகளை எவ்வாறு ‘கல்வியில் இயல்புக்குக் குறைந்தோர்’ ஆக்குகிறார்கள் என்பதே அதன் பொருள். ‘ஆக்குகிறார்கள்’ என்ற சொல்லைக் காண்க. இருக்கிறார்கள் என்றல்ல, ஆக்குகிறார்கள்! தலைப்பிலேயே வழக்கைத் தொடுத்துவிட்டார் ஆசிரியர்.

அப்பெயரால் தனிப் பள்ளிகள் இருந்தன. அறிவுத்தேர்வு வைத்து அங்கே அனுப்பினர். இலண்டன் பிள்ளை தண்ணீர்க் குழாயை ‘டேப்’ என்பான். கரீபியப் பிள்ளை ‘பைப்’ என்பான். சொல் வேறானால் மூளை குறைவா? ஊர் வேறு என்பதுதானே பொருள்? ஆசிரியர் பிள்ளையைக் கெடுக்கும் வழிகள் மூன்று என்று கோர்டு வகுக்கிறார்: வெளிப்படையான வெறுப்பு, மேலிருந்து குனிந்து காட்டும் பரிவு, குறைவாகவே எதிர்பார்த்தல். பரிவையும் வெறுப்போடு ஒரே வரிசையில் நிறுத்தினாரே, அதில்தான் அவர் நூலின் கூர்மை இருக்கிறது. அதிகாரிகளை நோக்கிக் கெஞ்சாமல், பெற்றோரை நோக்கிப் பேசியதும் அந்நூலின் பெருமை.

எதிர்பார்ப்புக்கு இத்தனை ஆற்றலா என்று ஐயுறுவோர்க்கு இரண்டு சான்றுகள் காட்டுவோம். ரோசெந்தால், ஜேக்கப்சன் இருவரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், கலிபோர்னியத் தொடக்கப்பள்ளி ஒன்றில், குருட்டாம்போக்கில் பொறுக்கிய பிள்ளைகளை ‘விரைவில் மலரப் போகிறவர்கள்’ என்று ஆசிரியர்களிடம் கூறினர். கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகள் மற்றவர்களை முந்தினர். விளைவின் அளவு பற்றி வல்லுநரிடையே வழக்கு உண்டு. விளைவே இல்லை என்று தள்ளிவிட முடியவில்லை. 2016-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு, ஒரே கறுப்பின மாணவரை இரண்டு ஆசிரியர்கள் எவ்வாறு மதிப்பிட்டனர் என்று ஒப்பிட்டது. அம்மாணவர் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பை முடிப்பார் என்று எதிர்பார்ப்பதில் வெள்ளை ஆசிரியர் கறுப்பின ஆசிரியரைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு பின்தங்கியிருந்தனர். மாணவர் ஒருவரே, மாறியது பார்த்த கண்!

கோர்டின் நூலில் குறையில்லையா? உண்டு. பிள்ளை தன்னைத் தானே தாழ்வாக எண்ணுகிறான் என்ற மனவியல் விளக்கத்தின்மேல் அவர் மிகுந்த பாரத்தை ஏற்றிவிட்டார். அதைப் பற்றிக்கொண்டவர்கள், தன்மதிப்பை வளர்ப்பதுதான் மருந்து என்று கிளம்பினர். நான்காவது நூல் அதைக் கண்டித்து எழுந்தது. மொரீன் ஸ்டோன் என்னும் அம்மையார் 1981-இல் எழுதினார்: இப்பிள்ளைகளுக்குத் தன்மதிப்புக் குறைவு என்ற முடிவுக்கே போதிய சான்றில்லை, ஆறுதல் தருவது பள்ளியின் வேலையன்று, எழுத்தும் கணக்கும் அறிவியலும் அழுத்தமாகக் கற்பிப்பதே அதன் வேலை. கரீபியப் பெற்றோர் தாமே நடத்திய துணைப் பள்ளிகளை அவர் எடுத்துக்காட்டினார். 1969-இல் ஜான் லா ரோஸ் தொடங்கிய ஜார்ஜ் பேட்மோர் பள்ளி அத்தகையது. வாரம் முழுதும் வேலை செய்து களைத்த பெற்றோர், ஓய்வு நாளில் பிள்ளையைப் பாடம் படிக்க அனுப்பினரே, எதற்கு? நம் பிள்ளையால் முடியும் என்று நம்பியதற்கு!

கோர்டும் ஸ்டோனும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. கோர்டு நோயைச் சொன்னார். அதே நோய் மருந்தின் உருவில் திரும்பி வரக்கூடும் என்று ஸ்டோன் எச்சரித்தார். பாவம், இவனைக் கடினமான கணக்கால் வருத்த வேண்டா என்பது அன்பு போலத் தோன்றும். மேசன் ஆசிரியரின் முறுவலும் அன்பு போலத்தான் இருந்தது!

‘இயல்புக்குக் குறைந்தோர்’ என்ற அந்தப் பிரிவை இங்கிலாந்து 1981-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் நீக்கியது. சட்டத்தால் பெயர்ப்பலகையைக் கழற்றலாம். பார்வையைக் கழற்ற முடியாது. அந்தப் பள்ளிகளின் கதையை ஸ்டீவ் மெக்குவீன் 2020-இல் படமாக்க நேர்ந்தது, அந்தப் புண் ஆறவில்லை என்பதைக் காட்டுகிறது.

நம் நன்னூல் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி என்று தொடங்கிப் பல வகையாகப் பிரிக்கிறது. கடைப்பட்டோரை எருமை என்றும் ஓட்டைக்குடம் என்றும் கடிகிறது. கடுமைதான், ஆனால் அது கற்கும் முறை கண்டு சொன்ன வகை. கற்கத் தொடங்குமுன்பே, தோலைக் கண்டே, இவன் ஓட்டைக்குடம் என்று முடிவு கட்டி நீர் வார்க்க மறுப்பவரை எந்த நன்னூல் ஆசிரியர் என்று ஏற்கும்?

பிள்ளை பாடநூலைப் படிக்குமுன் ஆசிரியர் முகத்தைப் படிக்கிறது. அந்த முகத்தில் எழுதியிருப்பதே முதற் பாடம். டக்ளஸ் அச்சத்தைப் படித்தார். தம் ஆற்றலை அறிந்தார். மால்கம் இரக்கத்தைப் படித்தார், பள்ளியைத் துறந்தார். பள்ளிக்கு வரும் கறுப்பினப் பிள்ளை நம் அச்சத்தையும் கேட்கவில்லை, இரக்கத்தையும் கேட்கவில்லை. அடுத்த இருக்கையில் இருக்கும் வெள்ளைப் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கிறீர்களோ, அதையே என்னிடமும் எதிர்பாருங்கள் என்கிறது. இது சலுகையன்று, கடன். ஆசிரியர் என்ற பெயரைத் தாங்குவோர் அனைவரும் அடைத்துத் தீர வேண்டிய கடன்!