முட்டு தேய்ந்தவர் ஓடலாமா?

திருநெல்வேலி டவுணில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் விடிகாலையில் ரத வீதியைச் சுற்றி ஓடினால், டீக்கடை வாசலிலிருந்து ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அண்ணாச்சி, இந்த வயசுல இப்படி ஓடுனா முட்டு தேஞ்சு போயிராதா?" ஏற்கெனவே முட்டு தேய்ந்தவரிடம் இதே கேள்வியை வீட்டில் கேட்பார்கள், டாக்டரும் கேட்பார். எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உட்பக்கத்து இடைவெளி குறைந்திருப்பதை விரலால் காட்டி, "இனிமே ஓட்டம் வேண்டாம், நடந்தா போதும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பத்துப் பதினைந்து வருடம் ஓடியவருக்கு அது பெரிய அடி. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஓட்டத்தால் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கு, இழப்பு மனவருத்தத்தோடு முடிவதில்லை.

அந்த அறிவுரை சரிதானா? அதைத் தட்டிவிட்டு ஓடுகிறவர்கள் செய்வது சரிதானா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூட்டுத் தேய்மானம் உள்ள பெரும்பாலான ஓட்டக்காரர்கள் தொடர்ந்து ஓடலாம். ஆனால் இன்று அவர்களில் பலர் ஓடுகிற விதத்தில் ஓடக் கூடாது.

முதலில் எந்த மூட்டு நோய் என்று தெரிய வேண்டும். நம் பக்கத்தில் எல்லாவற்றையும் முட்டு வலி என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். வயதோடும் உடல் எடையோடும் பழைய அடிகளோடும் சேர்ந்து வரும் தேய்மானம் ஒன்று. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம் வேறு. ஊரில் பெரியவர்கள் அதைச் சரவாங்கி என்பார்கள். யூரிக் அமிலம் படிந்து கால் கட்டைவிரல் தீயாய் எரிவது மற்றொன்று. 2006இல் தமிழ்நாட்டைப் புரட்டிப்போட்ட சிக்குன்குனியா, காய்ச்சல் போன பிறகும் பல மாதம் மூட்டுகளைப் பிடித்து வைத்திருந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். காலையில் எழுந்ததும் இருக்கும் பிடிப்பு அரை மணி நேரத்துக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் அது தேய்மானம். அதையும் தாண்டி நீண்டு, மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தால் ஓட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது. ரத்தப் பரிசோதனையும் வாத நோய் மருத்துவரும்தான் முதல் வேலை. மருந்தால் அழற்சி அடங்கிய பிறகு அவர்களிலும் பலர் ஓட்டத்துக்குத் திரும்ப முடியும். இந்தக் கட்டுரை தேய்மானத்தைப் பற்றியது.

தேய்மானக்காரருக்குத் தடை போடுகிறவர்கள் எல்லோருடைய மனதிலும் இருப்பது வண்டி டயர். ஓட ஓடத் தேயும், ஓட்டாமல் வைத்திருந்தால் மிஞ்சும் என்ற கணக்கு. டயருக்கு உயிர் இல்லை, மூட்டில் தேயும் குருத்தெலும்புக்கு உண்டு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்துதான் அதற்கு ஊட்டம் போக வேண்டும். எடை ஏறும்போது உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது, எடை இறங்கும்போது புது நீர் உள்ளே வருகிறது. அசையாத மூட்டில் இந்தப் போக்குவரத்து நின்றுவிடுகிறது. வெகுநாள் கட்டுப் போட்ட காலில் குருத்தெலும்பு மெலிவது இதனால்தான்.

மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மடியில் தட்டு, மடக்கிய கால், பல மணி நேரம் அதே இருக்கை. வாழ்நாளில் ஒரு நாளும் ஓடாதவர்கள். அவர்களில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் எழுந்திருக்கும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துத்தான் எழுகிறார்கள். ஓட்டம்தான் முட்டைத் தேய்க்கிறது என்றால் இவர்களுடைய முட்டைத் தேய்த்தது எது?

ஆராய்ச்சிகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1984இலிருந்து, ஐம்பதைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் சுமார் இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஓடியவர்களின் முட்டு மற்றவர்களுடையதைவிட மோசமாகவில்லை. நடமாட்டத் தடையும் அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிந்தியே வந்தது. 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். ஓட்ட ஆர்வலர்கள் இந்த இரண்டு எண்களையும் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். அதே தொகுப்பில் மூன்றாவது எண் ஒன்று இருக்கிறது: போட்டி அளவில் ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம். அதைப் பேச்சில் விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இவையெல்லாம் நல்ல முட்டோடு ஓடத் தொடங்கியவர்களின் கதை. ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்கு நேரடியாகப் பொருந்துவது 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு. தேய்மானம் உறுதியான, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 1,203 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் 138 பேர் ஓடுகிறவர்கள். ஓடியதால் வலி கூடவில்லை, எக்ஸ்ரேயிலும் தேய்மானம் வேகமெடுக்கவில்லை. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. யார் ஓட வேண்டும், யார் ஓடக் கூடாது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல இது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். வலி தாங்காதவர்கள் முன்பே விட்டிருப்பார்கள். ஆகவே, முட்டு ஒத்துழைத்தால் ஓடலாம் என்பதற்குத்தான் இது சாட்சி. ஒத்துழைக்காத முட்டை வைத்துக்கொண்டு ஓடலாம் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு எழுந்தால் உடனே வரும் பெயர் மா. சுப்பிரமணியன். சென்னை மேயராக இருந்தவர், 2021இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவர். 2004இல் நடந்த சாலை விபத்தில் அவருடைய முழங்கால் நொறுங்கியது. சர்க்கரை நோயும் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஓடத் தொடங்கி நூறுக்கும் மேற்பட்ட அரை மராத்தான்களை முடித்தார். 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமும் எழுதினார். அவரைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ மாட்டியவர்கள் நம் மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஒரு மருத்துவமனை முழுக்கச் சொல்லியும் நடக்காததை ஒரு மனிதரின் முன்மாதிரி நடத்திக் காட்டியது; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அவருக்கு நேர்ந்தது எலும்பு முறிவு. உங்களுக்கு இருப்பது இரண்டு முட்டிலும் மெல்லப் பரவும் தேய்மானமாக இருக்கலாம். அவரால் 21 கிலோமீட்டர் முடிந்தது என்பது உங்கள் முட்டைப் பற்றி எதையும் சொல்லாது. அவருடைய துறை 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை என்று தொடங்கிய திட்டத்தின் பெயர் 'நடப்போம் நலம் பெறுவோம்'. எல்லோருக்குமான அழைப்பு நடைக்குத்தான் விடப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி குறைகளுக்கு வருகிறேன். தேய்ந்த முட்டோடு ஓடுகிறவர்களிடம் நான் காணும் பெரிய தவறு வலி மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்றால் அதிகாலையிலேயே ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். வலி என்பது மூட்டு அனுப்பும் தகவல். அதை அடைத்துவிட்டு இரண்டு மணி நேரம் ஓடினால் சேதம் மறுநாள்தான் தெரியும். அது மட்டுமல்ல. நம்மூர் வெயிலில் உடம்பின் நீர் வற்றிய நிலையில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு இது இரட்டை ஆபத்து. ஸ்டீராய்டு ஊசியும் அப்படியே. அவசரத்துக்கு ஒருமுறை போடுவது வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்று இரண்டு ஆண்டுகள் போட்டவர்களுக்கு, வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகமாகக் கரைந்தது. வலியிலோ வித்தியாசமே இல்லை. 2017இல் வெளிவந்த முடிவு இது. பந்தயத்துக்காக ஊசி போட்டுக்கொள்வதை நியாயப்படுத்த எந்த வழியும் இல்லை. முடக்கத்தான் தோசை சாப்பிடுங்கள், உளுந்தங்களி சாப்பிடுங்கள், நல்ல உணவு. அதை நம்பி வாராவாரம் தூரத்தைக் கூட்டாதீர்கள்.

அடுத்த தவறு, இழந்த வேகத்தை விடாமல் துரத்துவது. முப்பது வயதில் ஓடிய நேரத்தை ஐம்பத்தைந்து வயது முட்டிடம் கேட்கிறார்கள். கைக்கடிகாரம் காட்டும் எண்ணுக்காகவும் மெடலுக்காகவும் ஓடுகிற பழக்கம் நல்ல முட்டுக்கே ஆகாது.

டவுணின் தெருக்களும் உதவுவதில்லை. தார் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிகிறது. ரத வீதியில் கோயில் வலம் வரும் திசையிலேயே தினமும் ஓரமாக ஓடினால், எப்போதும் ஒரே கால்தான் பள்ளத்தில் இறங்கும். உட்பக்கம் தேய்ந்த முட்டுக்கு அது நல்லதல்ல. ஒருநாள் விட்டு ஒருநாள் எதிர்த்திசையில் ஓடலாம். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்குப் போகிறவர்களும் சுற்றும் திசையை மாற்றிக்கொள்ளலாம். சிமென்ட் தரை கூடாது, மண் தரைதான் நல்லது என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தரை கடினமானால் கால் தானே கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கிறது. உடைந்த பேவர் பிளாக்கில் கால் பிசகுவதுதான் உண்மையான ஆபத்து.

ஓட்டத்தின் பாரம் பற்றிய கணக்கும் பலர் நினைப்பதுபோல் இல்லை. நடையைவிட ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் முட்டில் ஏறும் உச்ச எடை ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு ஓட்டத்தில் அடிகள் குறைவு, பாதம் தரையில் இருக்கும் நேரமும் குறைவு. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஒரே தூரத்துக்கு இரண்டும் கிட்டத்தட்டச் சமம் என்று 2014இல் அளந்து காட்டினார்கள். அந்த உச்சத்தையும் குறைக்க வழி உண்டு. அரை நிமிடத்தில் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது என்று எண்ணுங்கள். நாற்பது என்றால், வேகத்தைக் கூட்டாமல் நாற்பத்திரண்டாக்குங்கள். அடி சிறிதாகும், பாதம் உடம்புக்கு நெருக்கமாக இறங்கும், முட்டு வாங்கும் சுமை குறையும். அதைவிடப் பெரிய வழி எடைக் குறைப்பு: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டின் பாரம் நான்கு கிலோ குறைகிறது. மூன்றாவது, தொடைத் தசை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, மெதுவாக உட்கார்ந்து பழகாதவர் ஓட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்பேன்.

எவ்வளவு ஓடலாம் என்பதை மறுநாள் காலைதான் தீர்மானிக்க வேண்டும். கட்டிலின் மேல் இரண்டு காலையும் நீட்டி உட்காருங்கள். முட்டுச் சில்லின் இரு பக்கமும் சிறு குழி தெரியும். ஓடிய மறுநாள் ஒரு காலில் அந்தக் குழி நிரம்பி மேடாக இருந்தால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். அன்று ஓட்டம் இல்லை. வலி பத்துக்கு இரண்டு, மூன்று அளவில் வந்து ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கினால் அந்தத் தூரம் உங்களுக்குப் பொருந்துகிறது. இறங்காவிட்டால் தூரத்தைப் பாதியாக்குங்கள். முட்டு பூட்டிக்கொள்வது, மாடிப்படியில் இறங்கும்போது நழுவி மடங்குவது, படுத்தால் தூங்கவிடாத வலி என்று ஏதாவது இருந்தால் கணக்கே வேறு. எலும்போடு எலும்பு உரசும் நிலைக்கு வந்தவருக்கும், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவருக்கும் நான் ஓட்டத்தைச் சொல்ல மாட்டேன். சைக்கிள் இருக்கிறது. நீச்சல் தெரிந்தவருக்கு, வெள்ளம் இல்லாத மாதங்களில் குறுக்குத்துறைப் படித்துறையும் தாமிரபரணியும் இருக்கின்றன. மூச்சும் இதயமும் கேட்கும் உழைப்பு இரண்டிலும் கிடைக்கும்.

டாக்டர்கள் மீது முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் ஒருவருக்குச் சில நிமிடம்கூடக் கிடைக்காது. அந்த நேரத்தில் "ஓடாதீங்க" என்பதே பாதுகாப்பான வார்த்தை. ஆனால் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சை உடற்பயிற்சி என்று உலகெங்கும் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்லும் காலத்தில், அந்த வார்த்தை மட்டும் போதாது. சீட்டில் மாத்திரைக்குக் கீழே தொடைப் பயிற்சியையும், எத்தனை கிலோமீட்டரில் தொடங்கலாம் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு வரி இல்லாததால்தான் நோயாளி முழுதாக ஓட்டத்தை விடுகிறார், அல்லது மாத்திரை போட்டுக்கொண்டு ஒளிந்து ஓடுகிறார்.

ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீக்கம் இரண்டு வாரம் தாண்டினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மூட்டுப் பிரிவும் பிசியோதெரபியும் இருக்கின்றன. நீங்கள் ஓடுகிறவர் என்பதை மறைக்காமல் அங்கே சொல்லுங்கள்.