வெள்ளிமலைப் பேருந்தும் அதன் சிறு பிரதியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்பட்டு, கச்சிராயபாளையத்தில் நின்று, கல்வராயன் மலையின் வளைவுகளில் மூச்சு வாங்கியபடி ஏறி வெள்ளிமலையைச் சேரும் அரசுப் பேருந்தைப் பார்த்து, அதன் அச்சாகவே ஒரு சிறு வண்டியை எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் சென்ற ஆண்டு தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து செய்து முடித்தார். மூலப்பொருள், திருவிழாக் கடையில் தொங்கும் சாதாரண பிளாஸ்டிக் விளையாட்டுப் பேருந்து. அதன் உடலை முன்வாசலுக்குப் பின்னே ஆக்ஸா பிளேடால் அறுத்து, இடையில் ஒரு துண்டு சேர்த்து நீட்டி, ஒட்டிய இடத்தை எம்சீலால் அடைத்து, டிங்கரிங் பட்டறையில் பட்டி பார்ப்பது போலப் பட்டி பார்த்து, உப்புத்தாளால் நாள் கணக்கில் தேய்த்து, ஜன்னல்களுக்குக் குறுக்குக் கம்பி வைத்து, அரசுப் பேருந்துக்கே உரிய 'என்' என்னும் எழுத்து விடாமல் எண்பலகை எழுதி, முன்புறக் கண்ணாடிக்குக் கீழே கடுகளவு எலுமிச்சம்பழம் ஒன்றையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் கொஞ்சமன்று. இக்கலையின் குணதோஷங்களை ஆராய வேண்டுமென்ற எண்ணம் அன்று பிறந்ததுதான்.

உலகெங்கும் இது இன்று பெரிய பொழுதுபோக்கு. இங்கிலாந்தில் லெஸ்னி கம்பெனியார் 1953-இல் தீப்பெட்டியளவு பெட்டியில் அடைத்து விற்ற மேட்ச்பாக்ஸ் வண்டிகளும், அமெரிக்காவில் மேட்டல் கம்பெனியார் 1968-இல் வெளியிட்ட ஹாட் வீல்ஸ் கார்களும் குழந்தைகளின் கைக்கென்று பிறந்தவை. அவற்றை வாங்கி வளர்ந்த தலைமுறையே பின்னர் அவற்றைப் பிரித்து, மாற்றி, தான் அறிந்த ஒரு மெய்யான காரின் சாயலுக்குக் கொண்டுவரத் தலைப்பட்டது. முறை எளிது, பொறுமைதான் அரிது. அடித்தட்டையும் உடலையும் பிணைக்கும் ரிவெட்டின் தலையைத் துளையிட்டு நீக்கி, கண்ணாடி, இருக்கை, சக்கரம் எல்லாவற்றையும் தனித்தனியே எடுத்துவைத்து, பழைய வர்ணத்தைக் கரைத்து, துத்தநாகக் கலப்பு உலோகமாகிய உடலை அரத்தால் ராவி, வேண்டாததைக் குறைத்து, வேண்டியதைப் பட்டியால் வளர்த்து, பிரைமரும் வர்ணமும் மேற்பூச்சும் கொடுத்து, நீரில் நனைத்து ஒட்டும் படங்களால் எழுத்தும் சின்னமும் சேர்த்து, திருகாணி போட்டு மீண்டும் மூட வேண்டும்.

சிறுதேர் நமக்குப் புதிதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானதே சிறுதேர்ப் பருவம். பட்டினப்பாலையிலும் குழந்தைகள் உருட்டும் முச்சக்கரச் சிறுதேர் வருகிறது. சூத்திரகரின் மிருச்சகடிகம் ஒரு குழந்தையின் மண்வண்டியால் பெயர் பெற்றது. ஆனால் அவையெல்லாம் 'தேர்' என்னும் பொதுமையின் உருவங்கள். நுங்குக் குரும்பையில் குச்சி கோத்து ஓட்டுகிற சிறுவனுக்கு அது எந்த வண்டியாகவும் இருக்கலாம். காலையில் கரும்பு டிராக்டராக இருந்தது மாலையில் போலீஸ் ஜீப்பாகிவிடும். நான் சொல்லும் கலையோ பொதுமையை அடியோடு மறுக்கிறது. அதற்குக் கார் என்றால் போதாது, அம்பாசிடர் என்றாலும் போதாது. 1962-இல் வந்த மார்க் 2-இன் முகப்புக் கிராதியா, 1975-இல் வந்த மார்க் 3-இன் முகப்பா என்று கேட்கும். அதையும் சொன்ன பிறகு, யாருடைய வண்டி, எந்தப் பக்கத்து மட்கார்டில் நசுங்கல் என்று கேட்கும். தனி ஒரு பொருளின்மேல் இத்தனை சிரத்தை வைப்பதை நான் அற்ப விஷயமாகக் கருதவில்லை. தனியொரு மரத்தையோ தனியொரு முகத்தையோ இவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துவருகிற காலம் இது.

இதன் முதற் பெருமை, தொழிற்சாலைகள் மறந்துபோனதை இது நினைவில் வைக்கிறது என்பதே. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் கம்பெனியார் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை எடுத்துக்கொள்ளலாம். அதன் பூர்விகம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு, 948 சி.சி. எஞ்சின், பக்கத்துக்கு ஒரே கதவு. நம் நாட்டில் குடும்பமாக ஏறி இறங்குகிறவர்களுக்கு அது ஒத்துவராமையால், 1960களின் பிற்பகுதியில் வந்த மார்க் 3 நான்கு கதவுகளோடு வெளிவந்தது; அவ்வாறான ஹெரால்டு இந்தியாவைத் தவிர வேறெங்கும் செய்யப்படவில்லை. அந்நிய நாட்டுப் பொம்மைக் கம்பெனிகள் தம் தெருவில் ஓடிய இருகதவு வண்டியைச் செய்தனவேயன்றி, நம் தெருவில் ஓடிய நான்கு கதவு வண்டி அவற்றின் கண்ணில் பட நியாயமில்லை. ஆகையால் தம் தகப்பனார் வைத்திருந்த ஹெரால்டை மேசைமேல் காண விரும்புகிற ஒருவர், ஆங்கில வண்டியின் மாதிரியை வாங்கி, பழைய கதவுக்கோட்டைப் பட்டியால் மூடி, நடுத்தூணை முன்னுக்கு நகர்த்தி, ஊசிமுனையால் இரண்டு புதிய கதவுக்கோடுகளைக் கீறித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு கீறலில், ஒரு வண்டி நம் தேசத்துக்கு வந்து நம் குடும்பங்களுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பேருந்து விஷயத்தில் இந்த வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. எண்ணூரில் அசோக் லேலண்டு செய்து அனுப்புவது பெரும்பாலும் எஞ்சினும் சக்கரமும் கொண்ட வெற்றுச் சேஸிதான். உடல் கட்டுவது கரூர் போன்ற ஊர்களின் பட்டறைகள். ஒரே சேஸியின்மேல் ஒருவர் உயர்ந்த கூரை வைப்பார், ஒருவர் சரிந்த முகப்பு வைப்பார், தனியார் முதலாளி தம் குலதெய்வத்தின் பெயரை நெற்றியில் எழுதச் சொல்வார். அதாவது, நம் ஊர்ப் பேருந்து பிறக்கும்போதே, வாங்கிய அடிப்படையின்மேல் கைவேலையால் தனித்தன்மை ஏற்றப்பட்ட பொருள். அதை அச்சில் வார்த்த ஆயிரம் மாதிரிகளில் பிடிக்க முடியாது. மெய்யான வண்டி எந்த வழியில் உருவாயிற்றோ அந்த வழியிலேயே, ஒரு பொதுவான அடிப்படையை எடுத்து மாற்றி மாற்றித்தான் அதன் பிரதியையும் அடைய முடியும். இந்தப் பொழுதுபோக்கு எங்கிருந்து வந்திருந்தாலும், தமிழ்நாட்டில் அதற்கு இருக்கிற நியாயம் பிற இடங்களில் இருப்பதைவிட ஆழமானது என்று நான் நம்புவது இதனால்தான். பதினைந்து வயது கடந்த அரசு வாகனங்களின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் ரத்துச் செய்யும் விதியை மத்திய அரசு கொண்டுவந்த பின், பழைய உடல்கட்டு கொண்ட பேருந்துகளின் ஆயுள் இன்னும் குறுகிவிட்டது. உடைக்கும் கிடங்குக்குப் போன வண்டிக்கு வரைபடம் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

இனித் தோஷங்களுக்கு வருவோம். முதலாவது, அளவைப் பற்றிய மயக்கம். மாதிரியின் அளவு மெய்யான வண்டியில் 64-இல் ஒரு பங்கு என்றால் எல்லாவற்றையும் 64-ஆல் வகுத்தால் போதும் என்று தொடக்கக்காரர் நினைக்கிறார். ஒரு காரின்மேல் தொழிற்சாலை பூசும் வர்ணத்தின் மொத்தத் தடிப்பு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதை வகுத்தால் 1.6 மைக்ரான் வரும். அத்தனை மெல்லிய பூச்சை எந்தக் கையும் பூச முடியாது. நம்மவர் பூசும் மூன்று பூச்சும் சேர்ந்து 50 மைக்ரான் ஆனதென்றால், மெய்யான காரின் கணக்கில் அது 3.2 மில்லிமீட்டர் கனமுள்ள போர்வை. கதவிடுக்கு நான்கு மில்லிமீட்டர் என்றால், மாதிரியில் அது ஒரு தலைமயிரின் பருமன்கூட வராது. கீறிய கோடு எப்போதும் அதைவிட அகலமாகவே நிற்கும். மினுமினுக்கும் வர்ணத்திலுள்ள உலோகத் துகள் சிறிதாக மறுப்பதால், சின்னக் காரின்மேல் அது ஜிகினா தூவியது போலக் கிடக்கும். பொருளைச் சுருக்கலாம், வெளிச்சத்தையும் திரவத்தையும் தூசியையும் சுருக்க முடியாது.

இதைவிட முக்கியமானது பார்வையின் தூரம். 64-இல் ஒரு பங்கு வண்டியை முப்பது சென்டிமீட்டர் எட்டத்தில் வைத்துப் பார்ப்பது, மெய்யான வண்டியைப் பத்தொன்பது மீட்டர் தொலைவில் நின்று பார்ப்பதற்குச் சமம். அத்தனை தொலைவில் ஆணித்தலைகளும் பூட்டுத்துவாரமும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறமும் காற்றின் ஊடாக வந்து சற்று வெளிறியே தெரியும். ஆனால் தேர்ந்த கலைஞர் பலர் ஆணித்தலை ஒவ்வொன்றையும் எழுப்பி, தொழிற்சாலை நிறத்தையே சொட்டுக் குறையாமல் பூசி, ஏன் தம் வண்டி பொம்மையாகவே நிற்கிறது என்று வருந்துகிறார்கள். எண்ணிக்கை பூரணமாகும்போது தோற்றம் பொய்யாகிவிடுகிறது.

எங்கள் மாவட்டத்துக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் பின்னணியிலுள்ள சிற்ப சாஸ்திரத்தின் தாளமானம் இவ்விடத்தில் நமக்குத் துணையாகும். அங்கே அளவு வெளியிலிருந்து வருவதில்லை. உருவத்தின் முகநீளமே அலகாகி, மற்ற அங்கங்கள் அதனோடு கொண்ட உறவால் நிர்ணயமாகின்றன. உருவம் ஆள் உயரமானாலும் சாண் உயரமானாலும் அந்த உறவு மாறுவதில்லை. பால வடிவத்துக்கோ, உடலில் முகத்தின் பங்கு பெரிதாக வரும்படி வேறு தாளம் விதித்திருக்கிறார்கள். எதை எதனோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும் என்ற விவேகம் அதில் இருக்கிறது. வண்டியிலும் சக்கரத்துக்கும் வளைவுக்கும் உள்ள இடைவெளி, கூரைக்கும் ஜன்னலுக்கும் உள்ள உறவு ஆகிய இரண்டும் சரியாக வந்துவிட்டால், விட்டுப்போன ஆணித்தலைகளைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். பெட்டியின் அளவுக்காக லாரியையும் காரையும் ஒரே நீளத்தில் வார்க்கும் கம்பெனி மாதிரிகளை அடிப்படையாக எடுப்பவர்கள், அந்த உறவு முதலிலேயே குலைந்திருப்பதைக் கவனிக்காமல் மேற்பூச்சில் மாதக்கணக்காக உழைப்பதைக் கண்டால் மனம் வருந்துகிறது.

இரண்டாவது தோஷம், வாங்கும் ஆசை செய்யும் ஆசையை விழுங்கிவிடுவது. இறக்குமதிச் சக்கரம், இறக்குமதிப் படம், ஏர்பிரஷ் என்று சேர்த்துக்கொண்டே போனால், எல்லார் மேசையிலும் ஒரே சக்கரம் பூட்டிய ஒரே பளபளப்பு வந்துவிடும். தனித்தன்மைக்காகத் தொடங்கிய கலை பொதுமையிலேயே போய் முடிகிறது. கைவேலை செய்ததைத் தொழிற்சாலையின் அபூர்வப் பதிப்பென்று சொல்லி விற்பவர்களும் உண்டு; அது கலையின் தோஷமன்று, வெறும் மோசடி. பழம்பொம்மைகளை அறுப்பதோ என் மனத்துக்கு ஒவ்வாதது. இங்கிலாந்தின் டிங்கி அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் வார்க்கப்பட்ட நிக்கி டாய்ஸ் போன்ற வண்டிகள் தாமே ஒரு காலத்தின் சாட்சிகள். ஒரு நினைவைக் காக்க இன்னொரு நினைவை ராவித் தள்ளுவது நியாயமாகாது. பழைய பொம்மைகளின் வர்ணத்தில் ஈயம் கலந்திருப்பது வழக்கம் என்பதையும், தின்னரின் ஆவி மூடிய அறையில் நெஞ்சைப் பிடிக்கும் என்பதையும் இதில் இறங்கும் இளைஞர்களுக்கு வீட்டார் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் எல்லாவற்றிலும் ஆழமான குறை ஒன்றுண்டு. இக்கலை வண்டியை எப்போதும் ஷோரூமில் நிற்கும் கோலத்திலேயே பிடிக்கிறது. சர்க்கரை ஆலைக்கு ஆடியாடிப் போகும் கரும்பு லாரியின் பக்கப் பலகையில் தோகை உரசிய கீற்றுகள், மலைப்பாதைச் செம்மண் சக்கர வளைவுக்குள் அப்பியிருக்கும் விதம், கைபட்டுக் கைபட்டு வர்ணம் போன படிக்கட்டுக் கம்பி, இவையே அந்த வண்டியை அந்த வண்டியாக்குபவை. இவற்றைச் செய்யப் புகுந்தவர்களிலும் சிலர், துருவையும் சேற்றையும் எங்கும் ஒரே மாதிரி அப்பிவிட்டு, பழமை வந்துவிட்டதென்று திருப்தி கொள்கிறார்கள். தேய்மானத்துக்கும் காரணம் உண்டு. கை எங்கே படுகிறதோ அங்கேதான் வர்ணம் போகும். நீர் எங்கே தங்குகிறதோ அங்கேதான் துரு ஏறும்.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் அந்தத் தடத்தில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். திண்ணைக்கு வந்தவர் சிறு பேருந்தைக் கையில் எடுக்கவில்லை. குனிந்து, கண்ணை அதன் சக்கர மட்டத்துக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில் வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம வண்டியேதான் தம்பி. போர்டுகூட அப்படியே இருக்குது. ஆனா ஆள் ஏறாத வண்டி மாதிரி நிக்குதே?"

"எப்படிங்கய்யா சொல்றீங்க?"

"சந்தை நாள்ல மேல இருந்து வர்றப்ப பின்பக்கம் அமுங்கி உக்காந்திருக்கும். வில்பட்டை அத்தனை வருஷமா சுமந்திருக்குல்ல? காலியா நின்னாக்கூட நிமிராது."

இளைஞர் மறுமொழி சொல்லவில்லை. அவர் எடுத்த கணக்கு 43-இல் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் மெய்யான வண்டியில் நாலு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியதாகும். எண்பலகையில் மயிரிழை பிசகாத அவருடைய அளவுகோல், வருஷக்கணக்கில் மலைச்சனமும் மூட்டையும் கூடையும் ஏறி அமுக்கிய அந்த ஒரு மில்லிமீட்டரைத் தவறவிட்டிருந்தது. பெரியவர் எழுந்து போனதும், இளைஞர் பேருந்தைத் துணிமேல் கவிழ்த்துவைத்து, அடித்தட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பின் அச்சு உட்காரும் பள்ளத்தை அரத்தின் நுனியால் மெல்ல ஆழப்படுத்தலானார்.