வடக்கே போன மயில்

'16 வயதினிலே' (1977) எங்கள் பக்கத்தில் இன்றும் 'நம்ம ஊர்ப் படம்'தான். மதுரையிலிருந்து வந்து ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டினால் பாரதிராஜாவின் அல்லிநகரம்; இன்னும் தெற்கே போனால் இளையராஜாவின் பண்ணைப்புரம். ஆனால் படத்தைப் பெரும்பாலும் எடுத்தது கர்நாடகத்தில், மைசூர், கொள்ளேகால் பக்கம். அப்படியென்றால் அதில் நம்ம ஊர் என்று நாம் சொல்வது மண்ணை அல்ல. பேச்சை, பாட்டை, ஒரு பொட்டப்புள்ளையை ஊர் பார்க்கிற பார்வையை.

இந்தச் சரக்கு இரண்டு சந்தைகளுக்குப் போனது. 1978-ல் கே. ராகவேந்திர ராவ் தெலுங்கில் 'பதஹாரேள்ள வயசு' எடுத்தார், ஓடியது. 1979-ல் பாரதிராஜாவே இந்தியில் 'சோல்வா சாவன்' எடுத்தார், ஓடவில்லை. இரண்டிலும் நாயகி அதே ஸ்ரீதேவி. படைத்தவரே கொண்டுபோனது தோற்று, அடுத்தவர் கொண்டுபோனது ஜெயித்தது எப்படி?

அமோல் பாலேகர் சப்பாணியாகப் பொருந்தவில்லை என்பார்கள். 'ரஜனிகந்தா'வின் நகரத்து இளைஞர்தானே அவர். ஆனால் கமலும் அன்றைக்குக் காதல் நாயகன்தான். கமலைக் கோமணத்தோடு நாம் ஏற்றுக்கொண்டோம், ஏனென்றால் அவரைச் சுற்றி ஒரு ஊர் பேசிக்கொண்டிருந்தது. பாலேகரைச் சுற்றி எந்த ஊர் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

மென்பொருளில் இது தினசரிச் சங்கதி. படிவத்தில் எல்லாச் சொல்லையும் தமிழாக்கிவிட்டு, 'குடும்பப் பெயர்' கட்டாயம் என்று விட்டுவைப்போம். இனிஷியல் மட்டும் உள்ள ஆண்டிபட்டிக்காரர் அங்கே என்னத்தைப் போடுவார்? சொல் மாறியிருக்கிறது, ஆளைப் பற்றிய கற்பனை மாறவில்லை.

தெலுங்கில் அந்தக் கற்பனையை அந்த மண்ணை அறிந்தவர் மாற்றினார். இளையராஜா இடத்தில் சக்கரவர்த்தி வந்தார். ஜானகி பாடிய 'சிரிமல்லெ பூவா' அவர்களுடைய சொந்தப் பாட்டாகவே ஆகிவிட்டது.

அதே ராகவேந்திர ராவ் 1983-ல் தன் தெலுங்குப் படத்தையே 'ஹிம்மத்வாலா'வாக இந்திக்குக் கொண்டுபோனார். ஸ்ரீதேவிக்கு வடக்கு திறந்தது அதில்தான். என் பார்வையில், அந்தப் படத்தில் வழியில் உதிர்ந்துபோக ஊர் என்று எதுவும் இல்லை. அதனால் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

ஆக, ஊரே இல்லாத படைப்பு எங்கேயும் போகும். ஊர் உள்ளதை அங்கிருக்கிற ஒருவர் மறுபடி நட வேண்டும். 'மண்வாசனை எங்கும் செல்லும்' என்று நாம் பெருமை பேசுகிறோம். 'சோல்வா சாவன்' அதற்கு மறுப்பு. அந்தத் தோல்வியை நான் '16 வயதினிலே'க்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.