மூன்று நட்சத்திரச் சண்டை

குடும்பத்தோடு ஆட நல்ல வீடியோ கேம் எது என்று விசாரித்தால் ‘ஓவர்குக்ட்’ பெயர் கட்டாயம் வரும். இங்கிலாந்தின் கோஸ்ட் டவுன் கேம்ஸ் உருவாக்கி 2016-இல் வந்த ஆட்டம் இது. மறு ஆண்டே பாஃப்டா விருது விழாவில் சிறந்த குடும்ப விளையாட்டு என்ற பரிசு வாங்கியது. வீட்டுக்குள் சண்டை மூட்டிவிடும் ஆட்டம் என்ற பெயரும் அதற்கு உண்டு. இரண்டு பெயருக்கும் காரணம் ஒன்றுதான் என்பது என் கட்சி.

ஆட்டம் இவ்வளவுதான். வெங்காய சூப் ஆர்டர் வருகிறது. மூன்று வெங்காயத்தை எடுத்து நறுக்கிப் பானையில் போட்டு, வெந்ததும் தட்டில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். அழுக்குத் தட்டுகள் திரும்பி வரும். கழுவ ஆளில்லை என்றால் ஊற்றத் தட்டில்லை. அடுப்பிலேயே நிற்கும் பானை தீப்பிடித்துக்கொள்ளும். சில நிமிடங்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். நான்கு பேர் வரை ஆடலாம்.

கெட்டிக்காரத்தனமெல்லாம் சமையலறையின் அமைப்பில் இருக்கிறது. ஓடும் இரண்டு லாரிகளில் பாதிப் பாதியாக ஒரு சமையலறை. லாரிகள் பக்கத்தில் வரும்போதுதான் தாண்ட முடியும். ஆடும் கப்பலில் இன்னொன்று. மேசைகள் தாமாக நகர்ந்து வழியை அடைக்கும். எவ்வளவு சூரரானாலும் தனியாக ஒப்பேற்ற முடியாது. கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும், வழிவிட வேண்டும். ஆளுக்கொரு போனோடு ஒதுங்கும் வீட்டில், “அப்பா, தட்டு! தட்டு எங்கப்பா?” என்று பத்து வயதுப் பிள்ளை அதட்டுவதும், அப்பா மறுபேச்சில்லாமல் ஓடுவதும் சாதாரணக் காரியமல்ல. அந்த வயதில் அப்பாவை அதட்ட வேறு எங்கே வாய்க்கும்?

ஆனால் எல்லோரும் ஒரே கட்சி என்பதால் சண்டை வராது என்று நினைப்பது தவறு. ‘மாரியோ கார்ட்’ என்ற கார் பந்தயம் போட்டி ஆட்டம்தான். அங்கே பின்தங்கியவருக்கு வலுவான ஆயுதம் கிடைக்கும், முன்னால் போகிறவர் தலையில் நீல ஆமை ஓடு வந்து விழும். தோற்றவர் அதிர்ஷ்டத்தைத் திட்டிவிட்டுச் சிரிக்கலாம். ஓவர்குக்டில் அந்த மறைப்பு இல்லை. தீய்ந்த பானை யார் பொறுப்பில் இருந்தது என்பது திரையில் எல்லோருக்கும் தெரிகிறது. பேச வைக்கும் அதே நெருக்கடிதான் குற்றம் சாட்டவும் வைக்கிறது.

இந்தச் சண்டையைக் கூர்மையாக்குவது நட்சத்திரம். புள்ளிகளுக்கு ஏற்ப ஒன்று முதல் மூன்று வரை கிடைக்கும். அவை சேர்ந்தால்தான் அடுத்தடுத்த சமையலறைகள் திறக்கும். புள்ளியை எப்படிச் சேர்த்தீர்கள் என்பது பற்றி ஆட்டத்துக்குக் கவலையில்லை. எனவே கை தேர்ந்த ஒருவர் மேஸ்திரியாகிவிடுகிறார். கன்ட்ரோலர் பழகாத அம்மாவை, ஒரே பட்டன் போதும் என்று சிங்க்கில் நிறுத்துகிறார்கள். நிஜத்தில் அவர் கழுவி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததே சற்று முன்புதான்! அதிகாரம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போனது உண்மை. அம்மா இருந்த இடத்திலேயே இருக்கிறார்.

2020-இல் ஓவர்குக்டின் இரண்டு பாகங்களையும் சேர்த்து வந்த ‘ஆல் யூ கேன் ஈட்’ பதிப்பில் உதவி முறை ஒன்றைச் சேர்த்தார்கள். நேரம் கூடும், ஆர்டர் அதிகம் காத்திருக்கும், முடியாத கட்டத்தைத் தாண்டிப் போகலாம். சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து ஆடும் வீட்டில் தொடக்கத்திலேயே அதைப் போட்டுவிடுவது உத்தமம். ரோஷக்காரப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் அந்த வசதியும் அவசரத்தைத்தான் குறைக்கிறது. சிங்க்கில் யார் நிற்பது என்பதில் தலையிடுவதில்லை. கட்டத்துக்கொரு முறை வேலையை மாற்றிக்கொண்டால் அம்மாவும் அடுப்புப் பக்கம் வரலாம். புள்ளி சரியும், மூன்றாவது நட்சத்திரம் போகும். மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.