கட்டுண்ட கண்ணும் துழாவும் கையும்

சீனத்து மரக்கட்டை அச்சோவியங்களைப் பற்றி எழுதுவோர் பலர், அவற்றின் அரசியலைப் பேசி முடித்துவிட்டுப் படத்தைப் பாராமலே சென்றுவிடுகின்றனர். லீ ஹுவா 1935இல் செதுக்கிய ‘சீனமே, முழங்கு!’ என்னும் ஓவியத்துக்கு நேர்ந்ததும் அதுவே. போர்க்குரல் என்று அதனைப் புகழ்ந்தார்கள்; அதில் துடிக்கும் மனிதனைக் கண்டார்கள் இல்லை.

படம் பெரிதன்று, ஏறத்தாழப் பாடநூலின் ஒரு பக்க அளவே. கம்பத்தோடு கயிற்றால் பிணிக்கப்பட்ட ஓர் ஆடவன். உடலில் ஆடையில்லை. கண்களைத் துணி மறைத்திருக்கிறது. வாய் பிளந்து அலறுகிறான். கீழே ஒரு கத்தி கிடக்க, அவன் கை அதனைத் தேடித் துழாவுகிறது. பீரங்கி இல்லை, பகைவனும் இல்லை.

முழுப்போர் மூண்டது 1937 ஜூலையில் அன்றோ, இதனைப் போரோவியம் எனல் பொருந்துமோ என்று வினவலாம். பொருந்தும் என்பதே எம் துணிபு. மஞ்சூரியா 1931இலேயே பறிபோயிற்று. மறு ஆண்டு ஷாங்காய் குண்டுவீச்சில் எரிந்தது. அன்றியும், போரின் துன்பத்தைக் காட்டப் போர்க்களம் வேண்டுவதில்லை. எங்கிருந்து அடி விழும் என்று அறியாது கிடப்பவன் நிலையே அத்துன்பம்.

இக்கலையைப் பேணி வளர்த்தவர் எழுத்தாளர் லூ சுன். 1931 ஆகஸ்டில் ஷாங்காயில் அவர் கூட்டிய ஆறு நாள் வகுப்பில் பதின்மூவர் பயின்றனர். கற்பித்தவர் உச்சியாமா காக்கிச்சி என்னும் ஜப்பானியர். அருகிருந்து மொழிபெயர்த்தவர் லூ சுன். வகுப்பு முடிந்து ஒரு திங்கள் நிறையுமுன் ஜப்பானியப் படை மஞ்சூரியாவில் புகுந்தது. (ஆசிரியத் தொழிலில் உள்ளோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க.) பலகை, உளி, மை, தாள் இவை போதும், யந்திரமின்றிக் கையால் தேய்த்தே படியெடுக்கலாம். ஏழை ஓவியனுக்கு வேறென்ன வேண்டும்?

அதே ஆண்டு, கேத்தே கோல்விட்ஸ் என்னும் ஜெர்மானிய அம்மையாரின் ‘பலி’யை லூ சுன் ஓர் இதழில் வெளியிட்டார். சுட்டுக் கொல்லப்பட்ட இளம் எழுத்தாளர் ரோ ஷியின் நினைவாக இட்ட படம் அது. கோல்விட்ஸ் 1914இல் மகனைப் போரில் இழந்தவர். அப்படத்தில் தாயொருத்தி தன் மழலையை இரு கையாலும் உயர்த்தி நீட்டுகிறாள். கருமை திரண்டு அவளைச் சூழ்கிறது. லீ ஹுவாவிடம் அக்கருமை இல்லை. வெண்மையின் நடுவே முறுக்கேறிய கோடுகளே உடலாகின்றன. நரம்பும் கயிறும் ஒரே உளியால் பிறந்தவை போல் தோன்றும்.

போர் முடிந்தபின் அவர் செய்த ‘பொங்கும் அலை’த் தொகுதியில் உழவர் கூட்டம் கருவியேந்திப் பாய்கிறது. கைத்திறன் மிகுந்திருக்கிறது, ஆயினும் பல முகங்களில் ஒரு முகமும் நெஞ்சில் தங்கவில்லை. 1935இன் தனியன் தங்குகிறான்.

கத்தியை வைத்தது மிகை என்பாரும் உண்டு. அது கைக்குக் கிட்டியிருந்தால் யாமும் அவ்வாறே சொல்வோம். கிட்டவில்லை; விரலுக்கும் கத்திக்கும் இடையே சிறிது வெள்ளையை விட்டிருக்கிறார் லீ ஹுவா.