அடிமை என்னும் சொல்லும் மலையக இலக்கியமும்

மலையக இலக்கியம் பற்றிய திறனாய்வுகளிலே 'அடிமை' என்னும் சொல் மிக எளிதாகப் பயின்று வருகின்றது. அது எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பது நோக்கற்பாலது.

தமிழில் இச்சொல்லுக்குச் சமயச் சார்பு உண்டு. இறைவனுக்கு ஆட்படுதலைப் பக்தி மரபு பேறாகவே கொண்டது. கத்தோலிக்க மரபும் இதற்கு விலக்கன்று. கோவாவின் பிராமணக் குடியிற் பிறந்த யோசப் வாஸ் அடிகளார் 1677இல் தம்மை மரியன்னையின் அடிமையென எழுதிக் கொடுத்தார். ஒல்லாந்தரின் தடையை மீறி 1687இல் இலங்கைக்கு வந்து, 1711இல் கண்டியிலே மறைந்தார். அந்நூற்றாண்டிலேயே சோழமண்டலக் கரையிற் பஞ்சத்தால் விலைப்பட்டு ஒல்லாந்தரின் கப்பலேறியோர் தம்மை எவருக்கும் எழுதிக் கொடுத்தவரல்லர். இருசாராரையும் குறிக்க ஒரே சொல்தான் இருந்தது.

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தொழிலாளர் பெருகி வந்ததும் அக்காலப்பகுதியிலேயே. அட்டன், நுவரெலியாப் பகுதிகளிலே பின்னர் தேயிலை பரவியபோதும் அங்கு வந்தவன் விலைக்கு வாங்கப்பட்டவனல்லன், கடன்பட்டவன். கங்காணி கொடுத்த முன்பணம் அவன் பேரில் ஏறியது. அக்கடனைக் குறித்த 'துண்டு' இன்றி, அதனைப் புதிய தோட்டத்தார் தீர்க்காமல், அவன் இடம்பெயர முடியாது. இம்முறை 1921இலேதான் ஒழிக்கப்பட்டது. கங்காணியோ பெரும்பாலும் ஊரவன், சிலவேளை உறவினன், பலவேளை மேற்சாதியினன். ஊர்ப்பற்றும் சாதிப்பணிவும் கடனோடு சேர்ந்தே கப்பலேறின. ஊதியத்தைச் சுட்டும் 'கூலி' என்ற சொல் ஆளின் பெயராகி, ஈற்றில் ஓர் இனத்தையே இழித்துரைக்கும் பெயராயிற்று. விலங்கையும் சவுக்கையும் தேடும் திறனாய்வுக்கு இவை புலப்படா.

சி. வி. வேலுப்பிள்ளை 1970இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பு 'உழைக்கப் பிறந்தவர்' எனப் பொருள்படும். 'பிறந்தவர்' என்ற சொல்லே அதன் உயிர்நிலை: தந்தை பட்ட கடன் மகனுக்குப் பிறவியாகிவிடுகின்றது. 1947இல் இம்மக்களின் வாக்கினால் அவர் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மறுஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்களித்துப் பின் அவ்வுரிமையை இழந்தோரின் துயரை 'அடிமை' என்ற சொல் தாங்காது. 1972இல் கண்டியிலே 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கிய இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் தோட்ட மக்களின் உரிமையையே பேசினார். யோசப் வாஸின் சாசனத்தினின்று இது நெடுந்தொலைவு.

வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்களையும் இவ்வகையில் மீளப் படித்தல் வேண்டும். அவற்றிலே வசை கேட்பவர் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையுமே. தம் கடன் எவர் ஏட்டில் இருந்தது என்பதைப் பாடியவர் அறிந்திருந்தனர்.